டயோனிசஸ் அரங்கில் அமர்ந்தோர் யாவர்?

நாடக வரலாறு எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலார் நாடகாசிரியரின் புலமையையும் நடிகரின் ஆற்றலையும் விதந்து பேசி அமைந்துவிடுகின்றனர். நாடகத்தைப் பார்த்தவர் யார், யாருடைய காசிற் பார்த்தார், எந்த ஆசனத்தில் இருந்து பார்த்தார், பார்க்க வராதவர் அவ்வேளையில் எங்கே இருந்தார் என்னும் வினாக்கள் அவர்களுக்குச் சிறியனவாகத் தோன்றுகின்றன. நமக்கு அவை சிறியன அல்ல. ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதை அதன் மேடையிலும் பார்க்க அதன் பார்வையாளர் வரிசைகளே ஒளிவுமறைவின்றிக் காட்டுவன.

இதற்கு ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றுக்குத் தெற்கே, அதன் சரிவில் அமைந்த டயோனிசஸ் அரங்கைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. ஈஸ்கிலஸ், சொபொக்கிளிஸ், யூரிப்பிடிஸ், அரிஸ்டோபனிஸ் என்னும் நால்வரின் பெயர் பெற்ற நாடகங்கள் பல அச்சரிவிலேயே முதன்முதல் ஆடப்பட்டன. இன்று அங்கு செல்வோர் உடைந்த கல்வரிசைகளையும், பளிங்கு பாவிய ஆடுதளத்தையும், முன்வரிசையில் வேலைப்பாடு மிக்க பளிங்கு ஆசனங்களையும் காண்கின்றனர். கண்டவர் பலர், ஈஸ்கிலஸின் காலத்து மக்கள் அமர்ந்த கற்கள் இவையே என்று எண்ணி வியக்கின்றனர். அது உண்மையன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் மக்கள் அமர்ந்தது மரவாங்குகளில். அண்மைக்கால அகழ்வாய்வாளர் அவ்வரங்கில் ஏறத்தாழ 5,000 முதல் 7,000 பேர் வரை இருந்திருக்கலாம் எனக் கணிக்கின்றனர். பதினையாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய கல்லரங்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லிக்கர்கஸ் என்னும் அரசியலாளரின் நிதி நிர்வாகத்திலேதான் நிறைவுற்றது. பெருநாடகங்கள் மரத்தின் மீதிருந்து பார்க்கப்பட்டன; கல் வந்தபோது பெருநாடகாசிரியர் எவரும் உயிரோடில்லை. இந்த முரண் தற்செயலானதன்று. அதன் காரணத்தைத் தேடுவதே நம் நோக்கம்.

முதலிற் பார்வையாளர் அங்கு சென்ற சந்தர்ப்பத்தை நோக்குவோம். ஏதென்ஸ் நகரத்தவர் நம்மைப்போல் விரும்பிய மாலையில் நாடகம் பார்க்கச் சென்றவர் அல்லர். இளவேனிற் தொடக்கத்தில், இன்றைய மார்ச் ஏப்ரல் மாதங்களை ஒட்டி, டயோனிசஸ் தெய்வத்துக்கு அரசே நடத்திய பெருவிழாவில் நாடகம் ஓர் உறுப்பு. துன்பியற் போட்டியில் மூன்று கவிஞர் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும், ஆட்டுருக்கொண்ட வனதேவர் தோன்றும் நகைக்கூத்து ஒன்றையும் அளித்தனர். இவற்றோடு ஐவர் எழுதிய இன்பியல் நாடகங்களும் இருந்தன. விடியலிற் தொடங்கும் ஆட்டத்தைத் திறந்த வானத்தின் கீழ், பகலொளியில், நாள் முழுவதும் மக்கள் பார்த்தனர். பார்ப்போர் ஒருவரையொருவர் பார்க்கவும் முடிந்தது. இருட்டில் மறைந்து தனியே இருக்கும் இரசிகன் அங்கு இல்லை.

அவ்விழாவிற் பங்குகொண்டோர் தொகையும் கருதத்தக்கது. ஏதென்ஸ் குடிகள் பத்துக் குலப்பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு பிரிவும் ஐம்பது ஆடவர் கொண்ட குழுவொன்றையும் ஐம்பது சிறுவர் கொண்ட குழுவொன்றையும் டயோனிசஸைப் பாடி ஆட அனுப்பியது. இதனால் மட்டும் ஆயிரம் பேர் ஆயினர். துன்பியலுக்குப் பதினைந்து பேரும் இன்பியலுக்கு இருபத்துநான்கு பேருமாக அமைந்த பாடற்குழுக்கள் இவர்க்குப் புறம்பானவை. இவர்கள் தொழில்முறைக் கலைஞர் அல்லர். அவ்வாண்டுக்கெனப் பயிற்றப்பட்ட குடிமக்கள். ஆகவே வாங்கில் இருந்தவன் சென்ற ஆண்டு தானே ஆடியவனாகவோ, அல்லது இவ்வாண்டு தன் மகனையோ அயலானையோ ஆடுதளத்திற் காண்பவனாகவோ இருந்தான். கலைக்கும் மக்களுக்கும் இடையில் மதில் எழாத நிலை அது.

இனிக் காசைப் பற்றிப் பேசுவோம். ஒரு துன்பியற் பாடற்குழுவைப் பயிற்றி உடுத்தி ஊட்டும் செலவு செல்வர் ஒருவர் மீது சுமத்தப்பட்டது. கொரேகியா எனப்பட்ட இக்கடமை பெருமைக்குரியதாயினும் அடிப்படையில் செல்வர் மீதான வரியே. லிசியாஸ் எழுதிய வழக்குரை ஒன்றில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஒருவர் துன்பியற் குழுவுக்கு 3,000 திராக்மா செலவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறார். அதே காலத்தில் அக்ரோபொலிஸில் எரக்தியன் கோயிலைக் கட்டிய தேர்ந்த தொழிலாளியின் நாட்கூலி ஒரு திராக்மா என்பதைக் கோயிற் கணக்குக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒரு தொழிலாளி எட்டாண்டுக்கு மேல் ஒருநாளும் ஓயாது உழைத்து ஈட்டும் கூலியை ஒரு செல்வர் ஒரு குழுவுக்காக இறைக்க வேண்டியிருந்தது.

பார்க்க வருவோர் இரண்டு ஒபொல் கொடுத்தனர். ஆறு ஒபொல் ஒரு திராக்மா ஆதலின், தேர்ந்த தொழிலாளிக்கே அது நாட்கூலியின் மூன்றிலொன்று. விழாவோ பல நாள் நீடிப்பது. உழைப்பை விட்டு வருபவன் கூலியையும் இழந்து காசையும் கொடுத்தல் இயலாது. இவ்விடத்தேதான் ஏதென்ஸ் மக்களாட்சி தன் தனித்தன்மையைக் காட்டியது. ஏழைக் குடிமகனின் அரங்கக் காசைப் பொதுத் திறைசேரியே கொடுத்தது. தியோரிக்கன் எனப்பட்ட இந்நிதியைத் தொடக்கியவர் பெரிக்கிளிஸ் என்று புளூட்டாக் கூறுகிறார், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் இயூபுலஸ் என்பவரின் தலைமையில் அது பெருநிதியமாக வளர்ந்தது. பணம் படைத்தோர் அதனைச் சோம்பேறிகளுக்கு இடும் பிச்சை என்று இகழ்ந்தனர். ஆனால் அந்நூற்றாண்டின் பேச்சாளரான டெமாடிஸ், மக்களாட்சியை ஒட்டி வைத்திருக்கும் பசை அதுவே என்று சொன்னதாக மரபு உண்டு. உழைப்பவனுக்கு உணவு மட்டும் போதும், கலை வேண்டியதில்லை என்று கருதும் மனப்பான்மைக்கு எதிராக வரலாற்றில் எழுந்த முதல் விடைகளுள் ஒன்று இந்த இரண்டு ஒபொல்.

தீர்ப்பும் மக்களிடமே இருந்தது. ஒவ்வொரு குலப்பிரிவிலிருந்தும் ஒருவராகத் திருவுளச்சீட்டு மூலம் பத்துப்பேர் நடுவராயினர்; அவர் இட்ட வாக்குகளிலும் ஒரு பகுதியே குருட்டாம் போக்கில் எடுத்து எண்ணப்பட்டது. இலஞ்சத்துக்கும் செல்வாக்குக்கும் இடங்கொடாதிருக்க அமைந்த ஏற்பாடு இது. விழா முடிந்தபின் மக்களவை அவ்வரங்கிலேயே கூடி, விழா ஒழுங்காக நடந்ததா என்று விசாரித்தது. கி.மு. 348ஐ ஒட்டி, தன் குலப்பிரிவின் குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்த டெமொஸ்தனிஸை மெய்டியாஸ் என்னும் பெருஞ்செல்வர் அரங்கிலே அறைந்தபோது, அக்கூட்டம் மெய்டியாஸுக்கு எதிராகத் தன் கருத்தைத் தெரிவித்தது. மக்கள் அரங்கில் விருந்தினர் அல்லர், உடைமையாளர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய பார்வையாளர் வாய்மூடி இருந்ததில்லை. பிடிக்காத நடிகரைக் கூச்சலிட்டும் குதிகாலால் வாங்கை உதைத்தும் விரட்டினர். நடிப்பு மோசமாக இருக்கும்போதே மக்கள் அரங்கில் தின்பண்டங்களை மிகுதியாகத் தின்கின்றனர் என்று அரிஸ்டோட்டில் எழுதியிருப்பதும் சுவையான குறிப்பு. ஆனால் அவர்களைச் சிரிப்பும் தின்பண்டமும் தேடி வந்த கூட்டம் என்று கொள்ளுதல் பெருந்தவறாகும். கி.மு. 494இல் ஏதென்ஸோடு உறவு பூண்ட மிலேட்டஸ் நகரைப் பாரசீகர் அழித்தனர். அவ்வழிவைப் பிரினிக்கஸ் நாடகமாக்கியபோது அரங்கு முழுவதும் அழுதது என்றும், சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதிக்கப்பட்டது என்றும், அந்நாடகத்தை இனி எவரும் ஆடலாகாது எனத் தடை செய்யப்பட்டது என்றும் ஹெரொடோட்டஸ் கூறுகிறார். உதவி செய்யத் தவறிய ஒரு நகரத்தின் மனச்சாட்சியை நாடகம் தொட்டுவிட்டது. தண்டம் விதித்ததும் அதே மக்களாட்சிதான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இருபது ஆண்டு கழித்து, கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்னும் நாடகத்தை அளித்தார். அதன் செலவை ஏற்றவர் இளைஞராயிருந்த பெரிக்கிளிஸ். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரிற் துடுப்பு வலித்தோர் பலர் அன்று பார்வையாளராக இருந்திருப்பர். அவர்களுக்கு ஈஸ்கிலஸ் காட்டியது தம் வெற்றியூர்வலத்தை அன்று. தோற்ற பகைவரின் தலைநகரிலே மகனுக்காகக் கலங்கும் தாயையும், இறந்த வீரரை எண்ணிப் புலம்பும் முதியோரையும் காட்டினார். வென்றவன் தோற்றவனின் துயரைக் கேட்டான், பரிசும் கொடுத்தான். கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மேலோஸ் தீவின் ஆடவரைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. அடுத்த ஆண்டிலேயே யூரிப்பிடிஸ் 'திரோய்ப் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். அடிமைகளாகப் பங்கிடப்படும் பெண்களின் அலறலை, பங்கிட்ட நகரத்தவர் அமர்ந்து கேட்டனர். அதற்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. எனினும் அது ஆடப்பட்டது என்பதே முக்கியம்.

இங்கு நாம் நின்று, இம்மக்கள் யாவர் என்று கேட்கவேண்டும். இரண்டு ஒபொல் பெற்றவன் குடிமகன். ஏதென்ஸில் வாழ்ந்து தொழில் செய்து வரி செலுத்திய அந்நியருக்கு அந்நிதி இல்லை. பெண்கள் பார்வையாளராக அமர்ந்தனரா என்பது பற்றி அறிஞரிடையே வாதம் ஓயவில்லை. ஆனால் மேடையிலும் பாடற்குழுவிலும் நடுவரிடையிலும் ஒரு பெண்ணும் இருந்ததில்லை என்பதில் வாதம் இல்லை. விழாத் தொடக்கத்தில், ஏதென்ஸின் ஆதிக்கத்துக்குட்பட்ட நகரங்கள் செலுத்திய திறைப்பணம் ஆடுதளத்திற் கொண்டுவந்து காட்டப்பட்டது. ஒரு மக்களாட்சியின் திருவிழா மற்றோர் மக்களின் கப்பத்தைக் காட்சிப்பொருளாக்கிற்று.

இவை யாவற்றுக்கும் அடியில் அடிமையின் உழைப்பு இருந்தது. ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லோரியம் என்னுமிடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483ஐ ஒட்டி அங்கு வளமான வெள்ளிப்படிவு வருவாய் தந்தபோது, அதனைத் தலைக்குப் பத்துத் திராக்மாவாகப் பங்கிடாது கப்பல் கட்டுமாறு தெமிஸ்டோக்கிளிஸ் மக்களை இணங்கச் செய்தார். அக்கப்பல்களே சலாமிஸில் வென்றன. அவற்றிற் துடுப்பு வலித்த ஏழைக் குடிகள் தம்மால் நகரம் பிழைத்தது என்னும் உரிமையோடு அரசியலில் முன்வந்தனர். அவ்வுரிமையே அவர்களை அரங்கின் உடைமையாளராகவும் ஆக்கியது. சுரங்கத்திலிருந்து கப்பல், கப்பலிலிருந்து மக்களாட்சி, மக்களாட்சியிலிருந்து அரங்கு என நீளும் இச்சங்கிலியின் முதற்கண்ணியை இழுத்தவர் நிலத்தின் கீழே இருந்தனர். அவர் கூட்டத்தோடு வாங்கில் அமரவில்லை.

நிசியாஸ் என்னும் செல்வரைப் பற்றிய இரு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் பயன் தரும். அவர் பாடற்குழுக்களுக்குத் தாராளமாகச் செலவிட்டுப் புகழ் பெற்றவர். ஒருமுறை அவருடைய காட்சியில் அவரது வீட்டு அடிமையான அழகிய இளைஞன் ஒருவன் டயோனிசஸ் வேடத்திற் தோன்றினான் என்றும், மக்கள் நெடுநேரம் ஆரவாரித்தனர் என்றும், தெய்வமாகக் கொண்டாடப்பட்டவன் அடிமையாய் இருத்தல் பாவம் என்று நிசியாஸ் எழுந்து கூறி அவனை அங்கேயே விடுதலை செய்தார் என்றும் புளூட்டாக் எழுதுகிறார். உள்ளத்தை உருக்கும் செய்திதான். மற்றச் செய்தியைத் தருபவர் செனபன். அதே நிசியாஸ் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கக் குத்தகைக்காரர் ஒருவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபொல் வீதம் வாடகைக்கு விட்டிருந்தார்; ஆட்டொகை எந்நாளும் குறையாது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒருவன் செத்தால் மற்றொருவன் அவ்விடத்தில் நிறுத்தப்படுவான் என்பதே அதன் பொருள். அரங்கில் ஒருவன் விடுதலை பெற்றான். சுரங்கத்தில் ஆயிரம் என்னும் எண் மாறவில்லை.

குடிமகன் ஒருநாள் அரங்கில் அமர்வதற்கு இரண்டு ஒபொல். சுரங்க அடிமை ஒருவனின் ஒருநாள் வாடகை ஓர் ஒபொல். இவ்விரு குறிப்புகளும் காலத்தாற் சிறிது முன்பின்னானவை எனினும், அவை சேர்ந்து சொல்லும் கணக்குத் தெளிவானது. அரங்கின் ஒரு பகற்பொழுது, சுரங்கத்தில் ஒரு மனிதனின் இரண்டு நாள்களுக்குச் சமம். அந்த மனிதரின் கருத்து என்னவென்பதை அவர்களே ஒருமுறை செயலிற் காட்டினர். கி.மு. 413இல் ஸ்பாட்டர் டெக்கெலியாவில் அரண் அமைத்தபின் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினர் என்று தூசிடைடிஸ் பதிவு செய்துள்ளார். அன்றைய அரங்கு கொண்ட கூட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மக்கள் அவர்கள்.

இதனாற் கிரேக்க நாடகத்தை அடிமையுடைமையாளரின் கேளிக்கை எனத் தள்ளிவிடலாமா? கூடாது. ஏதென்ஸைப் பொற்காலம் என்று வணங்குவோரும், வர்க்க சமுதாயத்தின் கலை என்பதாலேயே அதை எறிந்துவிட முனைவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் முரண்பாட்டைக் காண மறுக்கின்றனர். பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் 1941இல் வெளியிட்ட 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' என்னும் நூல், நாடகத்தை அதனைப் பெற்ற சமுதாயத்தின் உற்பத்தி முறையோடும் சடங்குகளோடும் இணைத்து நோக்கிற்று. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆய்வு செய்தவரே நம் கைலாசபதியும் சிவத்தம்பியும். முன்னவரின் தமிழ் வீரநிலைக் கவிதை ஆய்வு 1968இலும், பின்னவரின் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய ஆய்வு 1981இலும் நூல்களாயின. அரங்கைக் கண்டதும் அதன் பின்னாலுள்ள வயலையும் சுரங்கத்தையும் கேட்கும் பழக்கத்தை ஈழத்துத் தமிழாய்வு பெற்ற வழிகளுள் இதுவும் ஒன்று.

முதலிற் குறிப்பிட்ட முரணுக்கு இனித் திரும்புவோம். கி.மு. 338இல் கைரோனியாப் போர்க்களத்தில் மக்கெடோனிய மன்னன் பிலிப்பு ஏதென்ஸை முறியடித்தான். அதன் பின்னரே லிக்கர்கஸ் கல்லரங்கை நிறைவேற்றினார். மறைந்த மூன்று துன்பியற் கவிஞருக்கும் வெண்கலச் சிலை எடுப்பித்தார். அவர் நாடகங்களுக்கு அரசுப் பிரதி எழுதுவித்து, நடிகர் அதினின்றும் விலகலாகாது என விதித்தார். நல்ல பணிகளே. ஆயினும் சிலையும் பிரதியும் கல்லும் கடந்தகாலத்தைக் காப்பன. நிகழ்காலத்தோடு வழக்காடுவன அல்ல. கி.மு. 322இல் மக்கெடோனியர் மக்களாட்சியை ஒழித்து, 2,000 திராக்மா சொத்தில்லாதோரின் அரசியலுரிமையைப் பறித்தனர். சலாமிஸில் துடுப்பு வலித்தோரின் வழிவந்த பல்லாயிரவர் ஒரே நாளில் உரிமையற்றோராயினர். அந்நூற்றாண்டு முடியுமுன் கொரேகியா முறையும் மறைந்தது.

பின்னர் வந்தது உரோமர் காலம். நீரோவின் ஆட்சியில் மேடைக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு அம்மன்னனுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. முன்வரிசையில் 67 பளிங்கு ஆசனங்கள். நடுவில் டயோனிசஸ் பூசகரின் ஆசனம். ஆடுதளத்தைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது. அதன் உள்ளே, பாடற்குழு ஆடிய இடத்தில், மனிதரை மனிதர் வெட்டும் வாட்போர் நடந்தது. பூசகர் அமரும் ஆசனங்களுக்கு இடையிலேயே போராடியவன் வெட்டுண்டு வீழ்கிறான் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் டியோ கிறிசொஸ்தம் மனம் நொந்து கூறியுள்ளார். கற்கள் முன்னையிலும் அழகாக இருந்தன. இருந்தோர் முன்னையிலும் வசதியாக இருந்தனர். பகைவனின் தாய்க்காக மரவாங்கிலிருந்து கேட்ட மக்கள் மட்டும் அங்கில்லை. தன் நகரத்தின் விதியைத் தானே முடிவுசெய்யும் உரிமையை இழந்த மக்களுக்கு ஆள்வோர் அளிப்பது பெரும்பாலும் இத்தகைய காட்சியே.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். அதே தெற்குச் சரிவில், சிறிது மேற்கே, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஹெரொடிஸ் அற்றிக்கஸ் என்னும் செல்வர் தம் மனைவியின் நினைவாகக் கட்டிய அரங்கொன்று உண்டு. அன்று கூரையோடிருந்த அது இன்று திறந்தவெளி அரங்கு. ஏதென்ஸ் கலைவிழா 1955இல் அங்கு தொடங்கியது. 1959 ஓகஸ்டில் கரொலஸ் கூன், தம் கலையரங்கக் குழுவைக் கொண்டு அரிஸ்டோபனிஸின் 'பறவைகள்' நாடகத்தை அங்கே மேடையேற்றினார். ஜேர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே 1942இல் தோன்றிய குழு அது. நாடகத்திற் பூசகன் வரும் கட்டத்தை அவர் இக்காலத் திருச்சபைப் பாடல்முறையில் அமைத்தார். அரங்கிற் கூச்சல் எழுந்தது. பொறுப்பமைச்சர் எஞ்சிய ஆட்டங்களைத் தடை செய்தார். 1962இல் அதே தயாரிப்புப் பாரிஸ் நகரில் பரிசு பெற்றது. 1967இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர் 1974 வரை தணிக்கையின் கைக்குள் மேடையை வைத்திருக்க முயன்றனர். பிரினிக்கஸுக்குத் தண்டம் விதித்த நகரத்தில், ஏறத்தாழ இருபத்துநான்கு நூற்றாண்டுகளின் பின்னும், மேடையிலிருந்து எழும் சொல் ஆள்வோரைச் சுட்டது. பழைய நாடகம் பழைய நாடகமாகவே கிடக்கும்வரை அவர்களுக்கு அது பெருமை. இன்றைய மக்களைப் பார்த்து அது பேசத் தொடங்கியதும் குற்றம்.

திறந்தவெளியில் அமைந்தது என்பதனால் மட்டும் ஓர் அரங்கு திறந்த அரங்கு ஆகிவிடாது. வானம் கூரையாயிருக்கலாம், வாயில் மூடியிருக்கலாம். ஏதென்ஸ் மக்கள் அவ்வாயிலைத் தம் ஏழைக் குடிகளுக்குப் பொதுப்பணத்தாற் திறந்தனர், அடிமைக்குத் திறக்கவில்லை. அவர் செய்தது வரலாற்றில் மறக்கவொண்ணாதது. செய்யாது விட்டது பின்வந்தோரின் கடன். மாணவரோடு சேர்ந்து பாடசாலை முற்றத்திலோ ஊர்வெளியிலோ மேடை கட்டும் ஆசிரியர்கள், திரை விலகுமுன் வரிசைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். வந்திருப்போரை எண்ணுவது எளிது. வராதோர் யார், அவர் வராமைக்குக் காரணம் காசா, வேலையா, சாதியா, அச்சமா என்று எண்ணுவதே நம் வேலை.